பரீட்சைக்கு வந்த ஒறம்பரை

எங்கள் வீதியில் தெற்குப் பார்த்த வீடு கோவிந்தராஜுலு நாயுடுவுடையது. அதற்கு நேர் எதிரே, வடக்குப் பார்த்த வீடு அங்கப்பக் கவுண்டருடையது. நடுவில் ஒரு வண்டி போனால் இன்னொரு வண்டி ஒதுங்கி நிற்க வேண்டிய அளவுக்கு வீதி. அந்த அகலத்துக்குள்தான் கவுண்டரின் மனைவி நஞ்சம்மாளுடைய வயிற்றெரிச்சல் முழுவதும் அடங்க வேண்டியிருந்தது. அடங்கவில்லை என்பது வேறு விஷயம்.

நாயுடுவின் மனைவி ரங்கம்மாளும் லேசுப்பட்டவள் அல்ல. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் "அக்கா" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். வயதை அடுத்தவர் தலையில் ஏற்றிவிடுவதற்கு இதைவிட மரியாதையான வழி கிடையாது. பைக்காரா கரண்ட் ஊருக்குள் வந்ததும் நாயுடு வீட்டுக் கூடத்தில் ஒரு விசிறி சுற்றியது. பத்தாம் நாள் கவுண்டர் வீட்டில் இரண்டு விசிறி சுற்றியது. அது மார்கழி மாசம். கவுண்டர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன்.

இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு பிள்ளை பி.எல். படித்திருந்தான். நாயுடு வீட்டுப் பிள்ளை லட்சுமணசாமி, கவுண்டர் வீட்டுப் பிள்ளை பொங்கியண்ணன். பி.எல். பாஸானால் மட்டும் கறுப்புக் கவுன் கிடைத்துவிடாது. ஒரு வருஷம் பெரிய வக்கீல் ஒருவரிடம் கட்டுத் தூக்கிவிட்டு, அதற்கப்புறம் வக்கீல் பரீட்சை என்று ஒன்று எழுத வேண்டும். அதை மெட்ராசுக்குப் போய்த்தான் எழுத முடியும் என்று இருந்தது. போன வருஷம் பொங்கியண்ணன் போனான். ஓட்டல் சாப்பாடும் மெட்ராஸ் தண்ணீரும் சேர்ந்து அவனை இரண்டாம் நாளே பரீட்சை மண்டபத்திலிருந்து எழுந்து ஓட வைத்துவிட்டன. எங்கே ஓடினான் என்று நான் எழுத வேண்டியதில்லை. திரும்பி வந்தவனிடம் கவுண்டர் ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"இன்னொருக்காப் பாரு. அதும் ஆகலைன்னா கணபதித் தோட்டத்துல தண்ணி கட்டப் போயிரு. வக்கீலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

கவுண்டர் அதிகம் பேசுகிறவர் அல்ல. பேசினதை மாற்றுகிறவரும் அல்ல. ஆகவே நஞ்சம்மாளுக்குக் குலை நடுக்கம். எதிர் வீட்டு வாசலில் "லட்சுமணசாமி, வக்கீல்" என்று பலகை தொங்க, தன் பிள்ளை மண்வெட்டியோடு அதைத் தாண்டிப் போவதை அவள் கனவிலேயே இரண்டு தடவை பார்த்துவிட்டாளாம்.

முப்பத்துநாலாம் வருஷம் அந்தச் செய்தி வந்தது. பட்டணத்துப் பரீட்சைக் கமிட்டியார் இனிமேல் மெட்ராசில் மட்டும் இல்லாமல் கோயமுத்தூரிலும் ஒரு பரீட்சைத் தலம் வைக்கிறார்கள். ஈரோடு, மேட்டுப்பாளையம், இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் இங்கேயே எழுதலாம். மொத்தம் ஒன்பது பேர். ஐஸ்கூல் மண்டபத்தில் மூன்று நாள். கேள்வித்தாளை அரக்கு முத்திரை வைத்த பெட்டியில் போட்டுக்கொண்டு மெட்ராசிலிருந்து ஒரு சூப்பரிண்டெண்ட் வருவார். ஞாயிறு காலை மெயிலில் வந்து, திங்கள் காலை பரீட்சை ஆரம்பம்.

நஞ்சம்மாள் கோனியம்மனுக்கு நூற்றொரு தேங்காய் உடைத்தாள். வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு நடந்து போய் எழுதிவிட்டு வரலாம். பிள்ளை பாஸாகாமல் என்ன செய்வான்? அந்தச் சந்தோஷம் சரியாக நாலு நாள் நீடித்தது.

ஐந்தாம் நாள், நாயுடுவின் பஞ்சு அரவை ஃபாக்டரியிலிருந்து பன்னிரண்டு மேசையும் பன்னிரண்டு நாற்காலியும் வண்டி ஏறி ஐஸ்கூலுக்குப் போயின. ஹெட்மாஸ்டர் பாலுசாமி கேட்டாராம், நாயுடு கொடுத்தாராம்.

நஞ்சம்மாள் வாசலில் நின்று பன்னிரண்டையும் எண்ணினாள். பிறகு உள்ளே போய்க் கவுண்டரிடம் சொன்னது வீதி முழுக்கக் கேட்டது.

"ஏனுங்க, நம்ம பையன் அவிங்க நாற்காலியில ஒக்காந்துதான் பரீச்சை எழுதோணுமுங்களா? நாளைக்கு அவன் பாஸானா, 'எங்கூட்டு நாற்காலிலதான ஒக்காந்தான்'னு அந்தம்மா சொல்லமாட்டாங்களா?"

"நின்னுட்டு எழுத முடியாதல்ல?" என்றார் கவுண்டர்.

அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் நாயுடுவின் மோட்டாரை டிரைவர் ரசாக் கழுவிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஓடாத வண்டியைச் சனிக்கிழமை எதற்குக் கழுவுகிறான்? நஞ்சம்மாள் மதில் ஓரமாக நின்று கேட்டாள்.

"என்ன ரசாக்கு, நாளைக்கு எங்கியோ பயணமாட்ட இருக்குது?"

"டேசனுக்குங்கம்மா. காலைல மெட்ராஸ் மெயிலுக்கு ஆள் வாராங்க, கூட்டியாரச் சொல்லியிருக்கறாங்க."

ரங்கம்மாளின் தங்கை வெங்கடம்மாள் மெட்ராசிலிருந்து வருகிறாள் என்பது எனக்குத் தெரியும். நஞ்சம்மாள் "யாரு?" என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டிருந்தால் அவளுக்கும் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. மெட்ராஸ் மெயில் என்றதுமே அவள் வயிற்றுக்குள் சூப்பரிண்டெண்ட் இறங்கிவிட்டார். நாற்காலி கொடுத்தவர்கள் ஆளையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரப்போகிறார்கள்! நாளைக் காலை அந்த மனுஷர் எதிர் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடிப்பதை இவள் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

ஞாயிறு விடியற்காலையிலேயே கவுண்டரின் சவாரி வண்டி பூட்டியாயிற்று. காங்கேயம் காளைகளுக்குக் கொம்பில் எண்ணெய், கழுத்தில் மணி. "மோட்டாரு முந்தறதுக்குள்ள ஆளக் கூட்டியாந்துருங்க" என்று நஞ்சம்மாள் சொல்ல, கவுண்டர் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு ஏறினார். அவர் மனசில் ஒரு கள்ளமும் கிடையாது. ஊருக்குப் புதிதாக வருகிற மனுஷனுக்குச் சோறு போடுவதில் என்ன தப்பு இருக்க முடியும் என்பதுதான் அவர் எண்ணம்.

ஸ்டேஷனில் ஹெட்மாஸ்டர் பாலுசாமி மாலையும் கையுமாக முதல் வகுப்புப் பெட்டியின் முன்னால் நின்றார். சூப்பரிண்டெண்ட் வேங்கடசாமி முதலியாரோ இரண்டாம் வகுப்பில் வந்து, பிளாட்பாரத்தின் மறு கோடியில், பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி இறங்கினார். ஆறடி உயரத்தில், தலைப்பாகையோடு ஒருவர் கும்பிட்டுக்கொண்டு எதிரே நின்றார்.

"பரீட்சை சம்பந்தமாகவா வந்திருக்கிறீர்கள்?"

"ஆமாங்க. அது விசயமாத்தானுங்க வந்துருக்கறோம்."

"ஹெட்மாஸ்டர் அனுப்பினாரோ?"

"அவரு பின்னால வாராருங்க. வாங்க, மொகங் கழுவிக் கை நனைச்சுப்போட்டு, அக்கட்டப் போலாமுங்க."

இதில் எந்த வார்த்தை பொய்? ஒன்றுமில்லை. முதலியார் வண்டி ஏறிவிட்டார்.

வண்டி வீதிக்குள் ஏழேகாலுக்கு மணி குலுங்க நுழைந்தபோது நான் தற்செயலாக வாசலில் நின்றிருந்தேன். தற்செயலாக என்றால், ஆறு மணியிலிருந்து. அரக்குப் பெட்டியை இரண்டு பேர் தூக்கி வந்து ஆசாரத்தில், அதாவது வீதியிலிருந்து பார்த்தால் தெரிகிற முன்கூடத்தில், நடுத்தூண் பக்கத்தில் வைத்தார்கள். கதவை விரியத் திறந்து வைக்கச் சொல்லி நஞ்சம்மாள் உத்தரவு. இலையும் ஆசாரத்திலேயே போடப்பட்டது. உள்ளே போட்டால் எதிர் வீட்டுக்கு எப்படித் தெரியும்?

பத்து நிமிஷம் கழித்து நாயுடுவின் மோட்டார் வந்தது. அதிலிருந்து வெங்கடம்மாள் மட்டும் இறங்கினாள். நஞ்சம்மாள் அதைப் பார்த்தாள். சூப்பரண்டு நம் கைக்கு வந்ததால் அவர்கள் வெறும் கையோடு திரும்பிவிட்டார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டாள். அந்த நிமிஷம் அவள் முகம் இருந்த இருப்பை ஒரு படமாக எடுத்து மாட்டியிருக்கலாம்.

எங்கள் பக்கத்தில் வந்த விருந்தாளியை ஒறம்பரை என்பார்கள். ஒறம்பரை கை கழுவி எழுந்திருக்கிற வரைக்கும் அவரிடம் நம் காரியத்தைப் பேசக் கூடாது. அது இங்கே ரத்தத்தில் ஊறின மரியாதை. எதையோ எதிர்பார்த்துத்தான் சோறு போட்டார்கள் என்று ஆகிவிடக் கூடாதே! ஆகவே 'எங்கள் பையனும் நாளைக்கு எழுதுகிறான்' என்ற ஒரு வாக்கியத்தை நஞ்சம்மாள் வெற்றிலைத் தட்டோடு சேர்த்துப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள். இந்த மரியாதைதான் குடியைக் கெடுத்தது. வண்டியில் வரும்போதே கவுண்டர் அதைச் சொல்லியிருந்தால் முதலியார் பாதி வழியில் குதித்து ஓடியிருப்பார்.

ஓடவில்லை, சாப்பிட்டார். குழிப்பணியாரம் சாப்பிட்டார். நெய் வழிய ஒப்புட்டு என்கிற போளி சாப்பிட்டார். பிறகு, இடியாப்பம் மாதிரி பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றின சந்தகை வந்தது. "இதற்கு என்னம்மா பேர்? எங்கள் பக்கத்தில் இல்லையே!" என்று கேட்டு இரண்டாம் வட்டம் போட்டுக்கொண்டார். மூன்றாம் வட்டத்துக்குக் கை நீட்டும்போது வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

பொங்கியண்ணன். வீட்டுச் சத்தத்தில் படிக்க முடியாது என்று பத்து நாளாகக் கணபதித் தோட்டத்துச் சாளை வீட்டில் தங்கியிருந்தவன், மாற்று வேட்டி எடுத்துப்போக வந்திருக்கிறான். உள்ளே கால் வைத்தவன் முதலில் இலையைப் பார்த்தான். பிறகு தூண் பக்கத்துப் பெட்டியைப் பார்த்தான். அதன் மேல் பெரிய எழுத்தில் "வக்கீல் பரீட்சை, கோயமுத்தூர் தலம்" என்று எழுதியிருந்தது.

"அம்மா! யாரும்மா இவுங்க?"

"ஒறம்பரை கண்ணு. சித்தெ இரு, அவுங்க சாப்புட்டு முடிக்கட்டும்."

முதலியார் சிரித்த முகத்தோடு நிமிர்ந்தார். "பிள்ளையாண்டான் யாரு? என்ன செய்கிறார்?"

பொங்கியண்ணன் சட்டென்று கையைக் கட்டிக்கொண்டான். "நாலாம் நம்பருங்க, சார்," என்றான்.

சந்தகையோடு போன கை வாய்க்கு நாலு விரல்கடை தூரத்தில் நின்றுவிட்டது. அத்தனை பெரிய மனுஷர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

"அட பாவி மனுஷர்களா! பரீட்சை எழுதுகிறவன் வீடா இது?"

"ஆமாங்க," என்றார் கவுண்டர், சந்தோஷமாக. "நீங்க கை கழுவுனதும் சொல்லலாம்னுதானுங்க இருந்தோம்."

முதலியார் எழுந்தார். இலையை மூடுவதா, திறந்தபடி விடுவதா என்று தெரியாமல் ஒரு கணம் குனிந்து நின்றார். பிறகு கையைக்கூடக் கழுவாமல் பெட்டியிடம் ஓடி, ஆறு அரக்கு முத்திரையையும் இடது கையால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ஆறும் முழுசாக இருந்தன. அதற்குப் பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"சாப்பிட்டது தப்புங்களா?" என்று கேட்டார் கவுண்டர்.

"சாப்பிட்டது தப்பில்லை ஐயா. இங்கே சாப்பிட்டது தப்பு."

நஞ்சம்மாள் கதவு ஓரத்திலிருந்து கேட்டாள். "அப்ப எதுத்தூட்டுல சாப்புட்டிருந்தாச் செரியாப் போயிருக்குமுங்களா?"

"அங்கே யாராவது எழுதுகிறார்களா?"

"அந்தப் பையனும் எழுதறானுங்க."

"அப்படியானால் அங்கேயும் தப்புதான் அம்மா."

அந்த இக்கட்டிலும் நஞ்சம்மாளுக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்ததை அவள் முகம் காட்டிவிட்டது.

முதலியார் கையைக் கழுவிவிட்டு வந்து, விஷயத்தை நிதானமாகச் சொன்னார். முத்திரை முழுசாக இருப்பதால் கேள்வித்தாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நாலாம் நம்பர் வீட்டில் சூப்பரிண்டெண்ட் விருந்து சாப்பிட்டார், பெட்டி அங்கே இருந்தது என்று மற்ற பரீட்சைக்காரன் ஒருவன் கமிட்டிக்கு ஒரு மனு எழுதிப் போட்டால் போதும். பையன் கதையும் முடிந்தது, தன் கதையும் முடிந்தது. மற்ற ஏழு பேர் வெளியூர். அவர்களுக்கு இது தெரியாது. தெரிந்தவர்கள் எதிர் வீட்டுக்காரர்கள்தான். பெட்டியை யாரும் தொடவில்லை, எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று அந்த வீட்டார் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதைச் சொல்லிக் கமிட்டிக்குத் தந்தி அடிக்கலாம். பையன் இங்கேயே எழுதலாம். இல்லையென்றால் இன்றைக்கு மெயிலிலேயே மெட்ராஸ் போய், நாளைக் காலை அங்கே எழுத வேண்டியதுதான்.

"நான் வேண்டுமானால் அங்கே ஒரு கடிதம் தருகிறேன். எங்கேயாவது தனியாக ஒரு மேசை போட்டுக் கொடுப்பார்கள்," என்றார், பாவம் பார்த்து.

மெட்ராஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் பொங்கியண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். போன வருஷத்து ஞாபகம் அவன் தலையைவிட வயிற்றுக்குத்தான் அதிகம் இருந்தது. ராத்திரி முழுக்க ரயில், இறங்கினதும் அந்தத் தண்ணீர், அப்படியே பரீட்சை. அதற்குத் தோட்டத்துக்கு இன்றே போய்விடலாம்.

கவுண்டர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வீதியைத் தாண்டினார். இருபது வருஷத்தில் அவர் அந்த வீட்டுக்குள் எதையும் கேட்டுப் போனதில்லை. நாயுடு வீட்டில் இல்லை. லட்சுமணசாமி நல்ல பையன். விஷயத்தைக் கேட்டதுமே, "இதுக்கென்னங்க மாமா, எழுதிக் குடுத்துடறேன்," என்று பேனாவைத் தேடினான்.

"நீ உள்ள போய்ப் படி கண்ணு," என்றாள் ரங்கம்மாள். பிறகு கவுண்டரைப் பார்த்து, தேன் ஒழுகச் சொன்னாள். "நான் பாக்காததைப் பாத்தேன்னு எப்படீங்ணா எழுதறது? என் தங்கச்சி வந்த சந்தோசத்துல நான் சன்னல் பக்கமே வர்லீங்க. உங்கூட்டுக்கு ஒறம்பரை வந்துதுன்னு நீங்க சொல்லித்தான் தெரியுது."

கவுண்டர் திரும்பி வந்துவிட்டார். ஏழேகாலிலிருந்து அந்த வீட்டுச் சன்னல் திரை ஒரு சாண் விலகியே இருந்தது. அந்த இடுக்கில் ரங்கம்மாளின் வைரத்தோடு மின்னிக்கொண்டே இருந்தது. நான் வேறு எதையும் சொல்லவில்லை.

நஞ்சம்மாள் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். தன் கையாலேயே பிள்ளைக்கு மண் அள்ளிப் போட்டாயிற்று. ரங்கம்மாளின் மேல் கோபம்கூட அவளுக்கு வரவில்லை. தான் அந்த இடத்தில் இருந்திருந்தால் தானும் அதையேதான் சொல்லியிருப்பாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். லட்சுமணசாமியின் பேரில் சூப்பரிண்டெண்ட் தன் கைப்பட மெட்ராசுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பதாக, அவனுக்கென்று அங்கே தனி மேசை போடுவதாக, சும்மா ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். நினைத்த மாத்திரத்தில் அடிவயிற்றில் குப்பென்று பற்றிக்கொண்டது.

அவள் எழுந்தாள். முகம் கழுவினாள். அரக்குச் சிவப்புப் பட்டை எடுத்துக் கட்டினாள். எதிர் வீட்டை நோக்கி, கல்யாணத்துக்கு அழைக்கப் போகிறவள்போல நடந்தாள். எனக்கு அந்த நேரம் பார்த்து உறை மோர் தேவைப்பட்டது. ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

ரங்கம்மாள் ஊஞ்சலில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கக்கா, சாப்புட்டாச்சுங்களா?"

"ஆச்சுங்கக்கா. வாங்க, ஒக்காருங்க. என்னமோ ஊட்டுல வெசனம்னு அண்ணா சொன்னாங்களே?"

"வெசனமா? ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. அவுருக்குப் பேசத் தெரியாதுங்கக்கா. நீங்க எழுதிக் குடுக்காததே நல்லதாப் போச்சுங்க. அதச் சொல்லீட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

பாக்குவெட்டி நின்றது. "நல்லதாங்க?"

"ஆமாங்க. பையன் இன்னிக்கு மெயில்ல மெட்ராசுக்குப் போறான். சூப்பரண்டு தன் கைப்படக் காயிதம் எழுதீட்டிருக்கறாரு."

"போன வருசம் போயி வவுறு கெட்டு வந்துதுன்னு சொன்னீங்களே, பாவம்."

"அது ஓட்டலுங்க. இந்தவாட்டி காயிதத்தோட போறானல்ல? தனி ரூம்பு, தனி மேசை, தனியா ஒரு பங்கா. ஐகோர்ட்டுக்குப் பக்கத்துலயே. பெரிய பெரிய ஜட்ஜுமாரெல்லாம் அந்த வழியாத்தான் போவாங்களாம், 'யாருப்பா இந்தப் பையன், தனியா ஒக்கார வெச்சிருக்கீங்க'ன்னு கேப்பாங்களாம்." தனி மேசை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் வீதியைத் தாண்டும்போது நஞ்சம்மாள் சேர்த்துக்கொண்டவை. "என்ன இருந்தாலுங்க, மெட்ராசுல எழுதுன பரீச்சைக்கு இருக்கற மதிப்பு இங்க பஞ்சு ஃபாக்டரி நாற்காலியில எழுதுனா வருமுங்களா? உங்க பையன் இங்க நல்லா எழுதட்டுமுங்க. பொறுப்பான பையன்."

ரங்கம்மாள் பாக்குவெட்டியைக் கீழே வைத்தாள். அவள் காதோரம் சிவந்து, அந்தச் சிவப்பு கழுத்துக்கு இறங்குவதை நான் மோர்க் கிண்ணத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதெப்படீங்க!" என்று ஊஞ்சலை விட்டு எழுந்தாள். "ஒரே வீதிப் பசங்க, ஒருத்தன் அங்க, ஒருத்தன் இங்கயா? அது என்ன ஞாயம்?"

"என்னங்க பண்றது? நீங்கதான் பாக்கவே இல்லியே."

"யாரு சொன்னது பாக்கலேன்னு? எங்கண்ணு என்ன பொட்டையாப் போச்சா? லட்சுமணா! பேனாவை எடுத்துட்டு வா!"

ரங்கம்மாள் முன்னே, லட்சுமணசாமி பின்னே, கடைசியில் கிண்ணத்தோடு நான். கவுண்டர் வீட்டு ஆசாரத்தில் முதலியார் காகிதமும் கையுமாக உட்கார்ந்தார். ரங்கம்மாள் நின்றபடி வாக்குமூலம் கொடுத்தாள்.

"ஏழேகாலுக்கு வண்டி வந்துதுங்க. பெட்டிய ரெண்டு பேரு தூக்கியாந்து, இதா, இந்தத் தூணுக்கு வலக்கைப் பக்கம் வெச்சாங்க. நீங்க முகங் கழுவப் போனப்ப கவுண்டர் பெட்டிக்குக் காவலாட்ட நின்னாரு. கையப் பின்னால கட்டியிருந்தாரு. காப்பி ஒரு தம்ளர் குடிச்சீங்க, பாதிலேயே சக்கரை கேட்டீங்க. பணியாரம் ஆறு, ஒப்புட்டு ரெண்டு..."

"அது வேண்டாம் அம்மா," என்றார் முதலியார் அவசரமாக.

"கணக்குச் செரியா இருக்கோணுமல்லங்க? சந்தகை ரெண்டு வட்டம், மூணாவதுக்குக் கை நீட்டுனீங்க. நடுவுல ஒரு சாம்பல் பூனை வந்து பெட்டி மேல ஏறி ஒக்காந்துது. சீல் பக்கம் போகலை. நஞ்சம்மாக்கா கரண்டியக் காட்டி வெரட்டுனாங்க, அவுங்களும் தொடலை. வேற ஒரு உசுரு கிட்டப் போகலைங்க."

முதலியார் பேனாவை நிறுத்திவிட்டு அவளை ஒரு வக்கீலின் மரியாதையோடு பார்த்தார். "என் இருபது வருஷ வக்கீல் தொழிலில் இப்படி ஒரு சாட்சியை நான் கண்டதில்லை. இவ்வளவும் எப்படி அம்மா கவனித்தீர்கள்?"

"தற்செயலாக் கண்ணுல பட்டதுங்க," என்றாள் ரங்கம்மாள்.

காகிதத்தின் அடியில் தெலுங்கில் கையெழுத்துப் போட்டாள். லட்சுமணசாமி ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தானும் போட்டான். அதற்குள் ஊரெல்லாம் தேடிக் களைத்துப்போன ஹெட்மாஸ்டர் பாலுசாமி, வாடின மாலையோடு வந்து சேர்ந்தார். அவர் கையோடு தந்தி போயிற்று. முதலியாரும் பெட்டியும் டிராவலர்ஸ் பங்களாவுக்குப் போயினர். வண்டி ஏறும்போது அவர் இலையிருந்த இடத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார் என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும்.

சாயங்காலம் நாலு மணி வரை கவுண்டர் வீட்டில் எல்லாரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொங்கியண்ணனின் டிரங்குப் பெட்டி மெட்ராசுக்குக் கட்டி வாசலில் தயாராக இருந்தது. நாலரைக்கு ஹெட்மாஸ்டரே சைக்கிளில் வந்தார். பதில் தந்தி. நாலாம் நம்பர் கோயமுத்தூரிலேயே எழுதலாம். ஆனால் அவன் தாளைச் சூப்பரிண்டெண்ட் கையால் தொடக் கூடாது, ஹெட்மாஸ்டர்தான் கொடுத்து வாங்க வேண்டும். டிரங்குப் பெட்டி உள்ளே போயிற்று. நஞ்சம்மாள் அதன் மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

பிறகு மூன்று நாளும் முதலியார் நாலாம் நம்பர் இருந்த திசையில் தலையைக்கூடத் திருப்பவில்லையாம். அந்தப் பக்கத்துச் சுவரில் பல்லி விழுந்தபோதுகூட எதிர்ச் சுவரைப் பார்த்தே "என்ன சத்தம்?" என்று கேட்டாராம். பொங்கியண்ணன் மூன்று வேளையும் வீட்டு ரசஞ்சாதம் சாப்பிட்டு, வயிற்றில் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் எழுதி முடித்தான்.

ஒன்றரை மாசம் கழித்துப் பேப்பரில் நம்பர்கள் வந்தன. இரண்டு பிள்ளைகளும் பாஸ். மார்க்கு எவ்வளவு என்று பேப்பரில் போடுவதில்லை. போட்டிருந்தால் எங்கள் வீதியில் குடியிருக்க முடிந்திருக்காது.

கவுன் போட்டுக்கொண்டு பொங்கியண்ணன் முதல் நாள் கோர்ட்டுக்குக் கிளம்பினபோது நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். ஆரத்தி எடுத்தாயிற்று. கவுண்டர் வழக்கத்துக்கு மாறாக இரண்டு வாக்கியம் பேசினார். எல்லார் முகமும் மலர்ந்திருந்தது, நஞ்சம்மாளுடையதைத் தவிர. விஷயம் எனக்குத் தெரியும். முதல் நாள் கோயிலில் ரங்கம்மாள் பத்துப் பேருக்கு நடுவில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்கையெழுத்து மெட்ராசுல பரீச்சைக் கமிட்டி பீரோவுல இருக்குதுங்க. பைல்ல வெச்சுக் கட்டிட்டாங்களாம். நூறு வருசமானாலும் இருக்குமாம்."

நஞ்சம்மாள் பிள்ளையை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"ஏங்கண்ணு, மெட்ராசுக்குப் போற மாதிரி, நாங் கையெழுத்துப் போடறதுக்கு ஒரு காயிதம் இருக்குதா? நானும் ஒரு வாரமா எம்பேரை எழுதிப் பழகிட்டேன்."

"அம்மா, அதெல்லாம் எங்கியாச்சும் தப்பு நடந்தா, பாத்தவங்க எழுதிக் குடுக்கறதும்மா. சும்மாப் போட முடியாது."

நஞ்சம்மாள் எதிர் வீட்டை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஒரு முக்காலியை எடுத்துச் சன்னல் பக்கமாகப் போட்டாள்.

"செரி, நீ போய்ட்டு வா கண்ணு. எதுத்தூட்டுல ஏதாச்சும் நடக்காமயா போயிரும்? நான் பாத்துட்டேதான் இருக்கறேன்."